ஐப்பசி மழையில் கைகொடுத்தவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மலைநாட்டு ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிவந்த எங்கள் எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன். உதவிய சிலருடைய பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். எப்படியாவது இது கண்ணில் படட்டும்.

பூங்கா வாசலில் நின்ற வனஜீவராசிகள் உத்தியோகத்தருக்கு முதலில். பைகளைத் திறந்து, பிஸ்கட் உறை முதல் பாண் சுற்றிய பொலித்தீன் வரை அவர் கழற்றி வாங்கியபோது எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். மரைமான்கள் இதைத் தின்றுதான் சாகின்றன என்று தமிழிலேயே பொறுமையாக விளங்கப்படுத்தினார். "களனி கங்கைக்கும் இந்த மலையிலிருந்து தண்ணீர் போகுது. கொழும்பில நீங்க குடிக்கிறதும் அதுதானே?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பின்னேரம் கொம்பு வைத்த மரை ஒன்று நாங்கள் சட்டி கழுவிய இடத்தை மோந்துகொண்டு நின்றது. அப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐப்பசியில் மலைநாட்டுக் காலை வெயிலை நம்பக் கூடாது. 2,100 மீற்றருக்கு மேலே நனைவது கொழும்புக் கடற்கரையில் காலிமுகத்திடலில் நனைவது மாதிரியும் இல்லை, பல் கிடுகிடுத்துவிடும். காற்றில் எங்கள் கூடாரத்தின் மேல்விரிப்பு கிழிந்தபோது, பக்கத்தில் தங்கியிருந்த மாத்தறைக் குடும்பம் கூப்பிடாமலே ஓடி வந்தது. ஐயா தங்கள் தறப்பாளைக் கழற்றி எங்களுக்குக் கட்டினார். அக்கா இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டும் தந்தார். எங்கள் சிங்களமும் அவர்கள் தமிழும் அரைகுறைதான், ஆனாலும் பேச்சு நள்ளிரவு வரை ஓடியது. பொஹோம ஸ்தூதி, அக்கே.

பட்டிப்பொலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் நன்றி. 1,891 மீற்றரில், நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம் இருக்கிற ஊர். குளிர் அங்கேயும் விடவில்லை. எங்கள் பிள்ளைகளின் காலுறைகளை அவர் விறகடுப்பைச் சுற்றி வரிசையாக விரித்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக் காயவைத்தார். ரொட்டிக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

சுவெட்டர்களை அள்ளித் தந்த மேல்மாடி மாமிக்கும், சேற்றுச் சப்பாத்துகளோடு ஏற்றிவந்தும் முகம் சுளிக்காத வான்கார அண்ணாவுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மாத்தறை ஐயா, உங்கள் தறப்பாள் எங்கள் பையோடு வந்துவிட்டது. கழுவிக் காயவைத்திருக்கிறோம். விலாசம் தந்தால் அனுப்பிவிடலாம்.