உன் பழைய லேப்டாப் பிழைத்துக்கொண்டது

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய 1,800 வெள்ளி வந்து சேர்ந்தது. புது லேப்டாப் வாங்கியாச்சா என்று மூன்று தரம் கேட்டுவிட்டாய், மூன்று தரமும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். வாங்கவில்லை. பணம் அம்மாவின் கணக்கில் அப்படியே கிடக்கிறது. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "அதைத் தூக்கிப் போடுங்கப்பா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோளாறான உன் பழைய லேப்டாப்பை டவுனில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. போர்டு போய்விட்டது, 450 வெள்ளி ஆகும், இவ்வளவு பழசுக்கு அது தண்டச் செலவு என்றார். தோட்டத்துப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினைக் கழற்றி மாட்டியவனிடம் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? சுருக்கென்றது. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த 2014-இல் வாங்கியது அது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. 11-ஐப் போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எதிர்வீட்டுப் பையன்தான், "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போடுங்க அங்கிள், காசு கிடையாது, 4 ஜிபி மெமரி இருந்தாலே ஓடும்" என்றான்.

முதலில் நீ கேட்கப்போவதற்குப் பதில்: உன் படங்கள் எல்லாம் பத்திரம். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வெளி டிஸ்கில் எடுத்துவைத்து, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தும் பார்த்துவிட்டேன். பாட்டி முக்காடு போட்டுப் பால்வாளியோடு நிற்கும் படமும் இருக்கிறது.

பையனின் கம்ப்யூட்டரில் மிண்ட்டை இறக்கினோம், கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கிய கோப்பைக் கணக்கிட்டால் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்தில் ஒரு சரிபார்ப்புக் குறி வருகிறது. அவர்கள் தளத்தில் போட்டிருப்பதும் நம்மிடம் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டத்தில் காலைப் பிரட்டில் கிராணி ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுவாரே, அதுபோல அவன் வாசிக்க நான் சரி பார்த்தேன். ஒத்துப்போனது. ஆக, கோப்பில் குற்றமில்லை. பெண்டிரைவில் எழுதி, செருகி, எஃப்12 தட்டினால் மெனு வந்தது. முதல் வரியில் எண்டர். மிண்ட்டின் வட்டச் சின்னம் வந்தது. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டது. தே ஓ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அதே சின்னம். அணைத்துப் போட்டேன், அதே இடம். நாலு தரம் போட்டேன், நாலு தரமும் அதே இடம்.

அப்போது கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தேன். குட்டி விளக்கு எரிந்தது, இன்னொரு தட்டில் அணைந்தது. அப்படியென்றால் ஆள் உள்ளே உயிரோடுதான் இருக்கிறான், திரைதான் செத்திருக்கிறது. தேடியதில் காரணம் கிடைத்தது. உன் லேப்டாப்பில் என்விடியா கார்டு இருக்கிறதல்லவா, அதை ஓட்ட லினக்ஸுக்குள் நூவோ என்று ஒரு டிரைவர் உண்டு. கார்டு எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்து நோண்டிப் பார்த்தே அதை எழுதியிருக்கிறார்கள். சில கார்டுகளோடு அதற்கு ஒத்துப்போவதில்லை. திரையைத் தொட்டதுமே படம் நின்றுவிடும். மருந்து சின்னது. மெனுவில் 'இ' விசையைத் தட்டினால் வரிகள் திறக்கும். 'கொயட் ஸ்பிளாஷ்' என்று முடியும் இடத்தில் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாக அடித்து, எஃப்10 தட்ட வேண்டும். திரையை இப்போதைக்குத் தொடாதே என்று அர்த்தம். அடித்தேன், மிண்ட் எழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "படம் நல்லாத்தான் இருக்கு, பசியாற வாங்க" என்றாள்.

பசியாறிவிட்டு வந்து இன்ஸ்டாலைத் தட்டினேன். 38 சதவீதத்தில் ஸ்டக். மறுபடி தொடங்கினால் 71 வரை போய் நின்றது, அதற்கடுத்த தரம் 12. இந்தத் தரம் கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை.

இங்கேதான் எனக்குப் பழைய ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது. லயத்துக்கு இரவு பத்து மணி வரை விளக்கு கொடுத்த எஞ்சின். ஒரு மழைக்காலத்தில் நின்று நின்று போனது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது, வடித்தேன், ஓடியது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி இருட்டு. இரண்டாவது கோளாறு டீசல் குழாயின் இணைப்பில் இருந்தது; காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. முதல் கோளாறு இருந்தவரை அது கண்ணில் படவே இல்லை. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் சாஃப்ட்வேர் கோளாறு. இடம் மாறி மாறி நின்றால் சாமானில் கோளாறு. இது புத்தகத்தில் படித்ததில்லை, பட்டறையில் கற்றது. லேப்டாப்புக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

சூடாக இருக்குமோ என்று அடி மூடியைக் கழற்றினேன். காற்றாடிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிற மெத்தை. விரலில் எடுத்தால் தூசி மட்டுமில்லை, பூனை முடி. நீ படிக்கும்போது உன் பூனை அதன் மேலேயே தூங்குமே, அந்த முடிதான். பூனை போய் ஆறு வருஷம் ஆகிறது. பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். சத்தம் குறைந்தது, சூடும் குறைந்தது. ஆனால் இன்ஸ்டால் 54-இல் நின்றது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது உனக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் அடுத்து மெமரியை மட்டும் பார்த்தேன். மெம்டெஸ்ட்86+ என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான். அதை வேறொரு பெண்டிரைவில் போட்டு ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள். உள்ளே இரண்டு மெமரி இருந்தன: வாங்கும்போதே வந்த 4 ஜிபி, நீ முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட 4 ஜிபி. ஒவ்வொன்றாக, ஒரே துளையில் மாட்டிச் சோதித்தேன். பழையது சுத்தம். உன்னுடையதில்தான் சிவப்பு. கோபித்துக்கொள்ளாதே.

தூக்கிப் போட மனம் வரவில்லை. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விளிம்பில் இருக்கும் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு அழுக்குப் படலம். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். அம்மாவின் கணக்கு நோட்டுக்குள் இருந்த அழிப்பானை எடுத்து, மெதுவாக, ஒரே பக்கமாகத் தேய்த்தேன். பற்கள் பளிச்சென்று ஆயின. துகளை ஊதி எடுத்து, அதே துளையில் மாட்டி, ராத்திரி முழுக்கச் சோதனையை ஓடவிட்டேன். காலையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

ரப்பர் என்ற பேரே பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததால் வந்தது என்று உனக்குத் தெரியுமா? 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கோலாகங்சாரில் 1877-இல் நட்ட கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பள்ளி விடுமுறையில் உனக்குக் காட்டினேன். நீ ஐஸ் கச்சாங் எங்கே என்று கேட்டாய். பாட்டி, நான், நீ மூன்று பேரும் சாப்பிட்டது அந்த மரத்தின் சோறு. கடைசியில் உன் லேப்டாப்பும் அதன் தயவில்தான் பிழைத்தது என்று பையனிடம் பெருமையாகச் சொன்னேன். "அங்கிள், இப்போ வர்ற வெள்ளை அழிப்பான் பெரும்பாலும் பிளாஸ்டிக்" என்றான். சரி, விடு.

அப்புறம் இன்ஸ்டால் ஒரே மூச்சில் முடிந்தது. மறுபடி போட்டால் திரும்பவும் வட்டச் சின்னத்தில் நின்றது! ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. நோமோட்செட் அந்த ஒரு தடவைக்குத்தான், டிஸ்கில் எழுதிய சிஸ்டத்துக்கு அதைத் தெரியாது. மறுபடி 'இ' தட்டி அடித்து உள்ளே போய், டிரைவர் மேனேஜரில் என்விடியா நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போட்டேன். அதோடு சரி. ஒன்பது நாளாக ஒரு தரம்கூட நிற்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அதில்தான் தட்டுகிறேன், தமிழ் விசைப்பலகை அதிலேயே இருக்கிறது.

பணத்தை என்ன செய்வது என்று அம்மாவிடம் பேசிக்கொள். கூரையில் ஒழுகும் இடத்தைப் பற்றி அவளுக்கு ஒரு யோசனை இருக்கிறது.

லேப்டாப்பில் உனக்கும் ஒரு கணக்கு திறந்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது நுழைந்து பார். கடவுச்சொல், பழைய லயத்தில் நம் வீட்டு எண், அதோடு சேர்த்து உன் பூனையின் பேர். இங்கே எழுதமாட்டேன், உனக்கே தெரியும்.

அன்புடன்
அப்பா