பெரியவளுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தம்பிக்கு மதுரையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நெய்வேலி அத்தை கேட்டதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. அவள் சுபாவம் உனக்குத் தெரியாததல்ல.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுச்சென்ற நீலப் பெட்டியைத் தம்பி கேட்டான். துடைத்துக் கொடுக்கலாம் என்று உள்பையைத் திறந்தேன். ஒரு காலுறைக்குள் ஏதோ கனத்தது. எடுத்துப் பார்த்தால் கதவுப் பூட்டின் சிலிண்டர், சாவி நுழையும் பகுதி. பழையது, நிக்கல் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. சாவி இல்லை. முகப்பிலும் பக்கத்திலும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெயரோ எண்ணோ முத்திரையோ எதுவும் இல்லை.

லீவர் பூட்டுக்கு அரம் பிடித்தே வளர்ந்த கை என்னுடையது. பெயரில்லாத பூட்டு ஒன்று கிடைத்தால், அது எந்தக் கதவுடையது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. உனக்கும் அந்தக் குணம் உண்டு. 2019-இல் நம் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அலுவலகத்தில் எல்லாருக்கும் மாங்காய்ப் பூட்டின் படத்தைக் காட்டியதாகப் போனில் சொன்னாயே, அதைப் பட்டறையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குரலைக் கேட்டே நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாய், வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளையைக் கேட்டால் எப்போதும் வெளியே போயிருக்கிறார்.

சிலிண்டரை அளந்தேன். தலை 17 மி.மீ. உருண்டை, மொத்த உயரம் 33 மி.மீ., கீழே தொங்கும் தண்டின் அகலம் 10 மி.மீ. நீ முதலில் இருந்த சூரிச் வீட்டுடையதோ என்று நினைத்தேன். சுவிட்சர்லாந்துச் சிலிண்டருக்குத் தலை 22 மி.மீ. இருக்கும், ஆகவே அது இல்லை. இந்த அளவு ஜெர்மனியில் பெரும்பாலான வாசல் கதவுகளில் இருப்பது. இங்கும் புதுக் கதவுகளுக்கு இப்போது இதே அளவுதான் வருகிறது, ஆனால் இது இருந்தது உன் பெட்டியில்.

அடிப்புறத்தில் வரிசையாக ஐந்து சிறு பித்தளை மூடிகள், நடுவில் தண்டைக் குறுக்காகத் துளைக்கும் திருகாணித் துளை, அதைத் தாண்டி மறுபடி ஐந்து. ஒவ்வொரு மூடிக்கும் மேலே ஒரு சுருள்வில், அதன் மேல் இரண்டு துண்டாக நிற்கும் பின். சரியான சாவி நுழைந்தால் எல்லாப் பின்களின் பிளவும் ஒரே கோட்டுக்கு வரும், உள்ளுருளை சுழலும். அமெரிக்காவில் லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கிய முறைதான். திருகாணித் துளையிலிருந்து ஒரு பக்கம் 40, மறுபக்கம் 30. நீண்ட பக்கத்தில் சாவித் துளையைச் சுற்றி ஒரே கீறல், அவசரமாகக் குத்திக் குத்தித் திறந்தவர்கள் போட்டது. அதுதான் வெளிப்பக்கமாக இருக்கும்.

இதைக் கேள். இந்தச் சிலிண்டரில் துளை போட்ட தடயம் இல்லை. திருடன் என்றால் திருகாணித் துளை இருக்கும் மெலிந்த இடத்தில் ஒடித்திருப்பான், அங்கும் பழுதில்லை. கதவின் ஓரத்துத் திருகாணியைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, நடுவில் தாழை நகர்த்தும் மூக்கைத் தண்டுக்கு நேராகக் கொண்டுவந்தால்தான் இது முழுசாக வெளியே வரும். ஆகவே சாவி வைத்திருந்தவர்தான் நிதானமாகக் கழற்றியிருக்கிறார். அதுவரை எனக்கு நிம்மதி. அதற்குமேல் யோசித்தால் நிம்மதி போய்விடுகிறது. பூட்டு கெடாமல் இருக்கும்போது அதை மாற்றுவதற்கு எனக்குத் தெரிந்து இரண்டே காரணம்: சாவி ஒன்று தொலைந்திருக்க வேண்டும், அல்லது சாவி வைத்திருக்கும் ஒருவர் இனி உள்ளே வரக் கூடாது. தொலைந்துதான் இருக்கும். நீ சின்ன வயதிலேயே சைக்கிள் சாவியைத் தொலைத்தவள்.

வாடகை வீட்டில் மாற்றினால் பழையதை வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்பப் பொருத்த வேண்டும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்படி வைத்திருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் ஏன் எடுத்துவந்தாய்? நான் பூட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். அம்மாவிடம் காட்டவில்லை, பட்டறை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இராத்திரி உள்ளே பூட்டியதும் சாவியைச் சிலிண்டரிலேயே விட்டுவைக்காதே. சில சிலிண்டர்களில் உள்ளே சாவி நின்றால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. உனக்கு ஒன்று என்றால் யார் உள்ளே வருவது? மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் கொடுத்துவை. மறுபடி சொல்கிறேன், சாவியை உள்ளே விடாதே. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் நான் பேசியதை வைத்து, அப்பா ஊருக்குத்தான் பயப்படுவார் என்று நினைத்துவிடாதே. ஊர் எனக்கு இரண்டாவதுதான். எந்த வாரம் வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம், பணம் இருக்கிறது. வருவது நீயானாலும் சரி, அம்மாவும் நானுமானாலும் சரி.

இப்போது நீ இருக்கும் வீட்டுக் கதவின் அளவை எழுது. ஓரத்துத் திருகாணி நடுவிலிருந்து வெளிமுகம் வரை எத்தனை மி.மீ., உள்முகம் வரை எத்தனை மி.மீ. என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடு. நல்ல கனமான ஒன்றாகப் பார்த்து, நானே பிரித்துச் சோதித்து அனுப்புகிறேன். அளவோடு வீட்டு விலாசத்தையும் எழுது. பழைய விலாசம்தான் என்றாலும் பரவாயில்லை, முழுதாக எழுது.

அப்பா