பந்து மட்டையில் பட்ட பிறகு நடப்பதையும் காட்டுங்கள்

அனுப்புநர்:
பேஸ்பால் சந்தாதாரர் ஒருவர்,
சியாட்டில் அருகில், வாஷிங்டன் மாநிலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவை, விளையாட்டு ஒளிபரப்புப் பிரிவு.

பொருள்: வாராந்திர பேஸ்பால் நேரலையில் உள்ள குறைகளைக் களையவும், இந்த மாதச் சந்தாவைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சந்தாதாரர்கள் தங்களுக்கு வசதியான மொழியில் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். மனதில் இருப்பதை முழுவதுமாகச் சொல்ல வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

கடந்த சனிக்கிழமை ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. முதல் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) ஓர் ஓட்டக்காரர் நின்றார். பிட்சர் (பந்து வீசுபவர்) அவரைப் பிடிக்க இரண்டு முறை முதல் பேஸுக்குப் பந்தை வீசினார், இரண்டு முறையும் அவர் தப்பிவிட்டார். 2023இல் வந்த விதிப்படி, ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இப்படி இரண்டு முறைதான் வீசலாம். மூன்றாம் முறை வீசி ஆளை அவுட் ஆக்காவிட்டால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசமாகக் கிடைத்துவிடும். ஆகவே அவர் துணிந்து இன்னும் அரை அடி தள்ளி நிற்பார். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் அதைப் பார்ப்பார், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸ்மேனும் யார் ஓடிவந்து பந்தை வாங்குவது என்று கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். அரங்கமே எழுந்து நிற்கும் நேரம் அது.

அந்த நேரத்தில் நீங்கள் காட்டியது முந்தைய இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னின் (எல்லையைத் தாண்டிப் போன அடியின்) மறுஒளிபரப்பு. மட்டையிலிருந்து பந்து கிளம்பிய வேகம், எழுந்த கோணம், போய் விழுந்த தூரம் என்று மூன்று எண்கள். அடியில் பந்தய விகிதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நேரலைக்குத் திரும்பியபோது ஓட்டக்காரர் இரண்டாம் பேஸில் எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்சரின் வீச்சு உயர்ந்துவிட்டதா, ஷார்ட்ஸ்டாப் கையுறையை இறக்கத் தாமதித்தாரா, எதுவும் தெரியவில்லை. அந்தத் திருட்டை (அடி எதுவும் இல்லாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடித்ததை) நீங்கள் மறுபடியும் போட்டுக் காட்டவும் இல்லை. அடுத்த பேட்டர் அடித்த ஒற்றை ஓட்ட அடியில் (அடித்தவர் முதல் பேஸ் வரை மட்டும் போகும் அடி) அவர்தான் ஓடிவந்து வெற்றிக்கான ரன்னை எடுத்தார். ஆட்டத்தைத் தீர்மானித்த ஓட்டத்தை, அதற்காகவே பணம் கட்டிய நான் பார்க்கவில்லை.

இது ஒருநாள் நடந்த தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வாராவாரம் இதே கதைதான். பிட்சரின் முகம், பேட்டரின் முகம், நடுவில் ஸ்ட்ரைக் எல்லையைக் காட்டத் திரையில் வரையும் வெள்ளைப் பெட்டி. பந்து அடிபட்ட பிறகுதான் கேமரா விழித்துக்கொள்கிறது. அதற்குள் ஃபீல்டர் பாதித் தூரம் ஓடியிருப்பார்.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம், இந்த ஆட்டம் இப்போதுதான் பிழைத்து எழுந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு, உயர்மட்ட பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பருவத்தின் ஸ்ட்ரைக் அவுட்களின் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) எண்ணிக்கை ஹிட்களின் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) எண்ணிக்கையைத் தாண்டியது. 2022இல் பேட்டர்களின் சராசரி, அதாவது ஹிட் கிடைக்கும் விகிதம், .243 ஆக இறங்கியது, 1968க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. ஃபீல்டர்கள் மூன்று பேர் ஒரே பக்கம் போய் நின்றதால் தரையோடு அடித்த பந்துகளுக்கு வழியில்லாமல் போயிற்று. அதனால் எல்லோரும் பந்தைத் தூக்கி அடிக்கப் பார்த்தார்கள். ஹோம் ரன், ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது) இவை மூன்றைத் தவிர மைதானத்தில் வேறெதுவும் நடக்காமல் மூன்று மணி நேரம் போகும். ஏழு ஃபீல்டர்கள் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

2023இல் லீக் துணிந்து விதிகளை மாற்றியது. பேஸ்களில் ஆள் இல்லாவிட்டால் 15 வினாடிக்குள் பிட்சர் பந்தை வீச வேண்டும். இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு உள்வட்ட ஃபீல்டர்கள் நிற்க வேண்டும். பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாயிற்று. பழைய ரசிகர்கள் பலர் கடிகாரத்தைத் திட்டினார்கள். நான் முதல் வாரமே வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. திருடப்பட்ட பேஸ்கள் ஒரே ஆண்டில் 2,486லிருந்து 3,503 ஆயின. பேட்டர் கையுறைப் பட்டையை அவிழ்த்து மாட்டுவதில் போன நேரமெல்லாம் திரும்பிவந்தது, ஓட்டம் திரும்பிவந்தது. அந்த ஓட்டத்தைத்தான் நீங்கள் காட்ட மறுக்கிறீர்கள்.

நான் சியாட்டில்காரன். எங்கள் மரைனர்ஸ் அணியில் ஆடிய இச்சிரோவைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே பிடிபட்டது. 2004இல் அவர் அடித்த 262 ஹிட்கள் ஒரு பருவத்துக்கான சாதனை. 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257ஐ அவர் முறியடித்தார். அந்த 262இல் 225 வெறும் ஒற்றை ஓட்ட அடிகள். பந்து தரையில் இரண்டு முறை துள்ளி ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் மனிதர் முதல் பேஸைத் தொட்டிருப்பார். 2001 ஏப்ரலில் ஓக்லாந்தில் வலதுபுற அவுட்ஃபீல்டிலிருந்து அவர் மூன்றாம் பேஸுக்கு வீசிய பந்து தாழ்வாக, நேர்கோட்டில், தரையைத் தொடாமல் போய்ச் சேர்ந்து டெரன்ஸ் லாங்கை அவுட் ஆக்கியது. அன்று உங்கள் கேமராக்காரர்கள் இருந்திருந்தால் அந்த வீச்சு எனக்குத் தெரிந்திருக்காது. அடித்த பந்தின் வேகம் எத்தனை மைல் என்பதுதான் தெரிந்திருக்கும்.

ஹோம் ரன் மீது எனக்கு வெறுப்பு இல்லை. 2025இல் எங்கள் கேட்சர் கேல் ராலி 60 ஹோம் ரன் அடித்தபோது வீட்டில் குதித்தவன்தான் நான். ஆனால் 2024இல் தேசிய லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி பெற்ற லூயிஸ் அராயெஸ் 150 ஆட்டங்களில் 29 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பந்தைத் தொடாமல் விடவே தெரியாத ஆள். அவர் ஆட வரும்போது உங்கள் வர்ணனையாளர்கள் மட்டையின் வேகம் குறைவு என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவே எந்த இடைவெளியை இவர் பார்த்துவைத்திருக்கிறார் என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அதைக் காட்ட மேலிருந்து ஒரு கேமரா போதும்.

பிட்சர்களைக் கையாளும் விதத்தில் இன்றைய ஆட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு. 2022 ஏப்ரல் 13 அன்று மினசோட்டாவில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் முதல் பேஸுக்குப் போக விடவில்லை. 80 பந்துகள்தான் வீசியிருந்தார். ஆனாலும் அவரை ஆட்டத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். 1980இல் ஓக்லாந்தின் ரிக் லாங்ஃபர்ட் தனி ஆளாக 28 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீசினார். 2024இல் 30 அணிகளும் சேர்ந்து எட்டிய எண்ணிக்கையும் அதே 28தான். வேகப்பந்தின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2. ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசுவதும் முழங்கை கிழிய ஒரு காரணம் என்று லீக்கின் சொந்த அறிக்கையே 2024 டிசம்பரில் சொன்னது. ஆனாலும் உங்கள் வர்ணனையாளர்கள் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்: பேட்டர்கள் மூன்றாம் முறை வரப்போகிறார்கள், பிட்சரை மாற்ற வேண்டும், ஏன் இன்னும் மாற்றவில்லை? வேதவாக்கு போல இதை ஓதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். 2025 உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) இரண்டாவது ஆட்டத்தில் யோஷினோபு யமமோட்டோ 105 பந்துகளில் ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார். களைத்த கையை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தன்னைப் பார்த்துவிட்ட பேட்டரை எப்படி ஏமாற்றுவது என்று யோசிக்கும் பிட்சரைப் பார்ப்பதில் இருக்கும் சுகத்தை உங்கள் வர்ணனை சொல்லித்தர வேண்டும்.

கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஆளைச் சும்மா நிறுத்திவைக்கும் விதி எனக்கு அறவே பிடிக்காது. அது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் விளம்பரங்களுக்கு நடுவே நீங்கள் அதை ஒரு பரபரப்பு விருந்தாக விற்கிறீர்களே, அது உங்கள் கையில்தான் இருக்கிறது. பருவ முடிவில் நடக்கும் அக்டோபர் பிளேஆஃப் ஆட்டங்களில் அந்த விதி கிடையாது. 2025 அக்டோபர் 10 அன்று எங்கள் அணியும் டெட்ராய்ட்டும் 15 இன்னிங்ஸ் ஆடின. ஒருவருக்கும் எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. கடைசியில் ஹோர்ஹே பொலான்கோவின் ஒற்றை ஓட்ட அடி 3-2 என்று முடித்துவைத்தது. அந்த இரவில் ஒருவரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகவில்லை.

அதே ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், டொரான்டோவில். கடைசி இன்னிங்ஸ், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஆள், ஓர் அவுட். டொரான்டோவின் ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ் அடித்த பந்து இடதுபுறம் தாழ்வாக வந்தது. முன்னால் தள்ளி நின்றிருந்த டாட்ஜர்ஸ் அணியின் கீக்கே எர்னாண்டஸ் ஓடிவந்து அதைப் பிடித்து, நிற்காமல் இரண்டாம் பேஸுக்கு வீசினார். மிகேல் ரோஹாஸ் அதை வாங்கியதும், பேஸுக்குத் திரும்ப முடியாத ஓட்டக்காரர் அவுட், ஆட்டமும் முடிந்தது. மறுநாள் ஏழாவது ஆட்டமும் ஒரு டபுள் பிளேயில்தான் (ஒரே அடியில் இருவர் அவுட்) முடிந்தது. உலகத் தொடரின் இரண்டு இரவுகளை முடித்துவைத்தவை இரண்டும் ஃபீல்டர்களின் கைகள். எர்னாண்டஸ் எங்கே நின்றிருந்தார் என்பதைப் பந்து வருமுன் அறிந்திருந்தால்தான் அந்தப் பிடியின் மதிப்பு புரியும். உங்கள் வாராந்திர ஒளிபரப்பில் அதை அறிய வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஃபீல்டரின் காதில் கருவி மாட்டிப் பேட்டி எடுக்கிறீர்கள். சென்ற மாதம் ஒரு சென்டர் ஃபீல்டர் தன் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடினார். அவர் வேலை செய்யும் நேரம் அது. கேள்விகளை இன்னிங்ஸ் இடைவேளையில் கேளுங்கள்.

அந்த வெள்ளைப் பெட்டியையும் அணைக்க வழி செய்யுங்கள். 2026 முதல் நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து முறையிட ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்புகள் தந்திருக்கிறார்கள். பிட்சர், கேட்சர், பேட்டர் மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், வெளியிலிருந்து உதவி கூடாது. நல்ல விதி. பேட்டர் தட்டுவாரா, துணிவாரா என்று நானும் அவரோடு சேர்ந்து யோசிக்க வேண்டாமா? உங்கள் பெட்டி விடையை முன்பே எழுதிக் காட்டிவிடுகிறது.

நான் கேட்பவை இவைதான். ஓட்டக்காரர் பேஸில் இருக்கும்போது மறுஒளிபரப்போ விளம்பரத் துண்டோ திரையை மறைக்கக் கூடாது. ஒன்பது ஃபீல்டர்களும் தெரியும் மேல்நிலைக் காட்சியைச் சந்தாதாரர் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும். பெட்டிக்கும் பந்தய விகிதங்களுக்கும் அணைக்கும் வசதி வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேட்டி வேண்டாம். உங்கள் செயலியில் கேமரா தேர்வு வசதி இருப்பதாக விளம்பரம் செய்திருந்தீர்கள், அதை நம்பித்தான் இந்தப் பருவத்துக்குச் சேர்ந்தேன். அதில் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தையும் பார்வையாளர் இருக்கையையும் காட்டும் இரண்டு கேமராக்கள் மட்டுமே இருக்கின்றன. விளம்பரப்படுத்திய வசதி இல்லாததால் இந்த மாதச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும்.

சனிக்கிழமை ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸ் திருட்டை உங்கள் மேல்நிலைக் கேமரா பதிவு செய்திருந்தால் அந்தத் துண்டை எனக்கு அனுப்பிவைக்கவும். 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். தானியங்கிப் பதில் வேண்டாம். ஆட்டத்தை முழுவதும் பார்க்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்.

இணைப்பு: சந்தா ரசீதின் நகல், செயலியின் கேமராத் தேர்வுப் பக்கத்தின் திரைப்பிடிப்பு.