புதிய வரவு அலமாரி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இந்தப் புத்தகக் கடை திறந்து இருபத்தாறு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் 'கேட்ட புத்தகம் வந்துவிட்டது' என்ற ஒற்றை வரிதான். இப்போது நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும்.

பதினைந்து நாளாக ஒரு போட்டோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. நம் கடையில் வாங்கிய, உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. உள்ளே விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு 1950' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'புதிய வரவு என்று போர்டு வைத்துவிட்டு எழுபத்தைந்து வருஷப் பழசைத் தலையில் கட்டுகிறார்' என்று ஒரு வரி. செட்டா நகரில் கிளம்பி, முலுண்ட், டோம்பிவிலி எல்லாம் போய்விட்டு, கடைசியில் அகமதாபாத்திலிருக்கும் என் மச்சினர் எனக்கே அனுப்பிவைத்தார், 'அத்திம்பேர், இது உங்க கடையா?' என்று.

விலை ஜாஸ்தி என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கேட்ட புத்தகம் மாசக்கணக்கில் வருவதில்லை என்றால் தலையாட்டியிருப்பேன், அது உண்மைதான். 'தலையில் கட்டுகிறார்' என்ற சொல்தான் தூங்கவிடவில்லை.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுகைக் கட்டைவிரல் பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. விரலுக்கடியில் மறைந்திருப்பது அடுத்த வரி. இந்தப் பதிப்பு வந்த மாசமும் வருஷமும் அந்த வரியில்தான் இருக்கின்றன. வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்லமாட்டேன், புத்தகம் கனம், ஒரு கையில் பிடித்தால் அப்படித்தான் வரும். ஆனால் விரலை ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

உ.வே.சா. அதை ஆனந்த விகடனில் 1940இல் எழுத ஆரம்பித்தார். 1942இல் காலமானதால் பாதியில் நின்றது. புத்தகமாக வந்தது 1950இல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கிறார்கள். பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து, 'ன'வா 'ண'வா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக அடித்த பதிப்பும் உண்டு. எழுத்தைப் புதிதாகக் கோத்து, பிழை பார்த்து, பின்னால் பெயரடைவு சேர்த்ததும் உண்டு. நான் வரவழைத்தது இரண்டாவது வகை. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எங்கெங்கே பேசுகிறார் என்று தேட அறுநூறு, எழுநூறு பக்கத்தைப் புரட்ட வேண்டாம், அடைவைப் பார்த்தால் போதும். எனக்கு அது புதுப் புத்தகம்தான்.

கதை, கவிதை என்றால் இந்தத் தொல்லை குறைவு. தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, கட்டுரை, சரித்திரம் இவற்றில் 'புதுசு' என்பதே வழுக்குகிற சொல். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தது 1736இல், கடைசிக் குறிப்பு 1761. ஆனால் அது 12 தொகுதிகளாகச் செம்பதிப்பாய் வந்தது சில வருஷங்களுக்கு முன்னால்தான். இதை எந்த அலமாரியில் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். வ.உ.சி. கைதான மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததும் 1908 மார்ச் மாத விஷயம்தான். அதைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. செய்தி வந்த அன்று சாயங்காலத்துக்குள் நம்மிடம் இருந்த ஏழு பிரதியும் போய்விட்டன. பழைய விஷயம் என்று அன்றைக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

(போர்டில் முதலில் 'புதிய வரவு: அபுனைவு' என்றுதான் எழுதியிருந்தேன், கதை, கவிதை அல்லாதவை என்ற அர்த்தத்தில். அபுனைவு என்றால் என்ன சார், ஆபத்தா என்று ஒரு மாமி கேட்டார். அதனால்தான் வெறும் 'புதிய வரவு' ஆனது. இந்த வம்புக்கு அதுவும் ஒரு காரணம்.)

என் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. ஜூலை மழையில் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றபோது வழக்கம்போல நம் படியும் முழுகியது. கீழ்த்தட்டுப் புத்தகங்களை அவசரமாகத் தூக்கி, கைக்கு எட்டிய இடத்தில் வைத்தோம். எட்டிய இடம் புதிய வரவு அலமாரி. தண்ணீர் வடிந்தும் அவை கீழே இறங்கவில்லை. இறக்கிவைக்க வேண்டிய தம்பி அந்த மாசமே பிவண்டியில் ஒரு ஆன்லைன் கம்பெனியின் கோடவுனுக்கு வேலைக்குப் போய்விட்டான். பதினோரு வருஷம் நம்மிடம் இருந்தவன். நீலக்கலர் அட்டை, ஏதோ கப்பல் பற்றி, என்று யாராவது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவான். அவன் கேட்ட சம்பளம் நியாயமானது, கொடுக்க என்னால் முடியவில்லை. எனக்கோ கண்புரை ஆபரேஷன் ஆன புதுசு. அலமாரியைப் போன வாரம் முழுதாக இறக்கிப் பார்த்தேன். ஓரம் பழுத்து, ஓத வாடை அடிக்கிற பழைய இருப்பு நாலு பிரதி கிடைத்தது. வேறு யார் கைக்காவது அப்படிப் போயிருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள், பில் கேட்கமாட்டேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சிடும் காகிதத்துக்கு உண்டு. அது 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. விற்கிற பொருளுக்கு வரி இல்லாததால், கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது அட்டையிலுள்ள விலையில்தான் வந்து உட்காரும். தபாலும் அப்படித்தான். புத்தகத்துக்கென்று இருந்த பதிவுத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே முதல் அதற்குப் பதிலாகத் தபால் துறையின் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100, வரி தனி. மலிவுதான். ஆனால் தரைவழியாகத்தான் போகும், புனே வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சென்னையிலிருந்து நமக்கு வரும் கட்டுகளுக்கு லாரிக் கூலியும் கூடியிருக்கிறது. ஆகவே வழக்கமான பத்து சதவீதக் கழிவு பொங்கலிலிருந்து இருக்காது.

மற்றபடி எல்லாம் முன்போலத்தான். இனி அந்த அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சீட்டு செருகியிருப்பேன். முதன்முதலாக வருகிறதா, புதிய பதிப்பா, வெறும் மறு அச்சா என்று என் கையாலேயே எழுதி வைக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள்.

இந்தப் பதினைந்து நாளில் போன் பண்ணி, 'நீங்க கண்டுக்காதீங்க' என்றவர்களுக்கு என்ன சொல்வது. ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு வருகிற ஒரு அம்மா, வேண்டுமென்றே அந்த அலமாரி முன்னால் நின்று, சத்தமாக, மூன்று புத்தகம் கேட்டு வாங்கிப் போனார். டோம்பிவிலியிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ரயிலேறி வந்து, ஒன்றும் வாங்காமல், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அடைமழையிலும் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற உங்களை நம்பித்தான் இந்த ஷட்டரைத் தூக்குகிறேன்.

அந்தப் போட்டோவை எடுத்தவரும் பழைய வாடிக்கையாளர்தான், பெயர் சொல்லமாட்டேன். அவர் பணத்தை உறையில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குமுன் பின்னாலிருக்கிற பெயரடைவை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்

பி.கு.: ஆனந்தரங்கப் பிள்ளை 12 தொகுதிக்கு முன்பணம் கொடுத்த இருவருக்கு: பதினொன்று வந்துவிட்டன, நாலாவது மட்டும் பாக்கி.