பல்கலைக்கழக ஆய்வகக் கருவிகளின் மின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளரை நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்,
அறிவியல் புலம்.

பெறுநர்
உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்.

பொருள்: பல்கலைக்கழக ஆய்வகங்களில் உள்ள மின் கருவிகளைச் சோதிக்கவும், ஆபத்தானவற்றை உடனே நிறுத்தவும் அதிகாரம் உள்ள ஒரு பொறுப்பாளரை நியமித்து ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பதவி உயர்வோ இடமாற்றமோ கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் மேசையில் இருக்கும் கருவிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் வயர் ஓடுகிறது. அந்த வயருக்கு யார் பொறுப்பு என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், எங்கள் ஆய்வகத்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் வாட்டர் பாத்தின் (தண்ணீரைச் சூடாக்கி ஒரே சூட்டில் வைத்திருக்கும் தொட்டி) விளிம்பைப் பிடித்தபடியே மறு கையால் சிங்க் குழாயைத் திறந்தார். அடுத்த நொடி இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டன. குரல்கூட வரவில்லை. பக்கத்து மேசை மாணவர் திரும்பிப் பார்த்தவர், நல்லவேளையாக அவரைப் பிடித்து இழுக்கப் போகாமல், ஓடிப்போய் சுவரில் ஸ்விட்சை அணைத்தார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாணவி உள்ளங்கையில் தீக்காயத்தோடு தப்பினார்.

அன்று மாலை அந்த வாட்டர் பாத்தின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பிளக் உடைந்தபோது யாரோ புதியது மாட்டியிருக்கிறார்கள். மாட்டும்போது, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் நீளம் போதாததால் அதை அப்படியே நறுக்கி விட்டுவிட்டார்கள். உள்ளே ஹீட்டர் சுருளின் உறை பழுதாகி, கருவியின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மின் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்தார்கள். பாயிண்டைச் சோதித்தார்கள். 'சப்ளை சரி, எர்த் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் துறையின் இருப்புப் பதிவேட்டில் அதே வாட்டர் பாத் 'வேலை செய்யும் நிலையில் உள்ளது' என்று இருக்கிறது. அதுவும் உண்மைதான், தண்ணீர் சரியாகவே சூடானது. பாயிண்ட் வரை மின் பிரிவு பார்க்கும், கருவியைத் துறை பார்க்கும் என்பது எங்கள் வழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்த அந்த வயரை யாருமே பார்க்கவில்லை.

'ஷாக் அடித்தால் டிரிப் ஆகியிருக்க வேண்டுமே, எம்.சி.பி. இருக்கிறதே' என்று பலர் என்னிடம் கேட்டார்கள். படித்தவர்களும் அப்படி நம்புவதால் இதைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் தானே அணையும் ஸ்விட்ச். அது இருப்பது வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அது 16,000 மில்லி ஆம்பியரைத் தாராளமாக ஓட விடும். மனிதருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். பிடித்த பொருளைக் கை விடுவிக்க முடிகிற கடைசி அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. இன்னும் சில பத்து மில்லி ஆம்பியர் கூடி, ஓரிரு நொடி நீடித்தால் இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கும். உடலின் மின்தடை 2,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டில் 115 மில்லி ஆம்பியர் ஓடும். ஈரக் கை என்றால் இன்னும் அதிகம். அந்த மாணவிக்கு மின்சாரம் ஒரு கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து மறு கை வழியாகப் போயிருக்கிறது.

அதே டால்சீல்தான் 1961-இல் கசிவு மின்னோட்டத்தைக் கண்டுபிடித்துச் சுற்றைத் துண்டிக்கும் கருவியையும் உருவாக்கினார். இன்று நாம் ஆர்.சி.சி.பி. என்று வாங்குவது அந்த வகைதான். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், வித்தியாசம் வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, தரைக்குப் போகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் சப்ளையை அது நிறுத்திவிடும். எங்கள் கட்டடத்தில் அது இல்லை. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் 60 ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த பொருள், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் ஈரமான மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அதற்காக எல்லா இடத்திலும் ஆர்.சி.சி.பி. மாட்டினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அது காப்பாற்றாது. எர்த்துக்கு அது மாற்றும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கணினிகளிலும் நவீனக் கருவிகளிலும் மின் இரைச்சலை வடிகட்ட உள்ள ஃபில்டர்கள் நல்ல நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இருபது கருவிகளை ஒரே ஆர்.சி.சி.பி.யில் கோத்தால் காரணமில்லாமல் டிரிப் ஆகும். இரண்டு முறை டிரிப் ஆனதும் ஆராய்ச்சி கெடுகிறது என்று யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். ஆகவே சுற்றுகளைச் சிறிதாகப் பிரித்து மாட்ட வேண்டும். உள்ளே எலக்ட்ரானிக் பவர் சப்ளை உள்ள கருவிகளுக்கு ஆர்.சி.சி.பி.யில் 'ஏ' வகையாவது வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த 'ஏ.சி.' வகை அவற்றின் கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். கொள்முதல் ஆணையிலேயே இதை எழுதாவிட்டால் குறைந்த விலைப்புள்ளிதான் ஜெயிக்கும். அப்புறம் மாட்டியும் பயன் இருக்காது.

ஐயா, இருப்புப் பதிவேட்டை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். கருவியின் பெயர், வாங்கிய நாள், விலை, விற்றவர், வரிசை எண் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு வருகிறவர்கள் கருவி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, எர்த் இணைப்பு எத்தனை ஓம், இன்சுலேஷன் (மின்காப்பு) எவ்வளவு என்று ஒரு கட்டம்கூட இல்லை. அந்த மூன்று கட்டங்களைச் சேர்க்க உத்தரவிடுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. சோதனை ஒன்றும் பெரிய வேலை அல்ல. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். வயர் தேய்ந்திருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா, பின் உடைந்திருக்கிறதா, பிளக்கைத் திறந்தால் மூன்று வயரும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும். அப்புறம் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து கருவியின் உலோக உடல் வரை மின்தடையை அளக்க வேண்டும், அது ஓம்மில் ஒரு சிறு பகுதியாக இருக்க வேண்டும். பிறகு 500 வோல்ட்டில் மெக்கர் என்ற அளவுக் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும், 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஒரு கருவிக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த வாட்டர் பாத்துக்கு யாராவது அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் வந்திருக்காது.

எல்லாக் கருவிக்கும் ஒரே கால அளவு வைக்க வேண்டாம். வாட்டர் பாத், ஹாட் பிளேட், கையில் தூக்கிக்கொண்டு அலையும் டிரில் போன்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். மேசையை விட்டு நகராத கணினிக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

இரண்டாவது கோரிக்கை, எனக்கு இதுதான் மிக முக்கியமானது. சோதிப்பவருக்குக் கருவியை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஒரு மூத்த பேராசிரியரின் கருவி ஆபத்தானது என்று என் போன்ற பணியாளருக்குத் தெரிந்தால் நான் என்ன செய்ய முடியும்? சொல்லலாம். அவர் 'இந்த வாரம் ஓடட்டும், அறிக்கை அனுப்ப வேண்டும்' என்பார். அவர் கெட்டவர் அல்ல, அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. ஆனால் அந்த வாரம் ஒரு வருடமாகிவிடும். ஆகவே மின் தகுதி பெற்ற ஒருவரைப் பல்கலைக்கழகத்துக்கு மின் பாதுகாப்பு அலுவலராக நியமித்து, அவர் துறைத் தலைவர்களுக்குக் கீழே இல்லாமல் நேரடியாகத் துணைவேந்தருக்குப் பதில் சொல்பவராக வையுங்கள். அவர் கழற்றிய பிளக்கை அவர் கையெழுத்தில்லாமல் யாரும் திரும்ப மாட்டக் கூடாது. சப்ளையை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் முறையும் இவர் பொறுப்பிலேயே வர வேண்டும். எங்கள் கட்டடத்தில் மெயினை அணைத்த பிறகும் யு.பி.எஸ். வழியாகச் சில பாயிண்டுகளில் மின்சாரம் இருக்கும். எந்தெந்தப் பாயிண்டுகள் என்று எழுதி ஒட்டிய ஒரு தாள்கூட எங்கும் இல்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் தாங்களே செய்யும் கருவிகளும் அவர் பார்வைக்கு வர வேண்டும். அவர்கள் திறமைசாலிகள். ஆனால் உயர் அழுத்தப் பவர் சப்ளையை அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அதை வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும் என்பதைச் சிலர் ஷாக் வாங்கிய பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

கண்டெம்ன் செய்த, அதாவது இனி பயன்படாது என்று ஒதுக்கிய கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஏலத்துக்கு அனுமதி வரும்வரை அவை ஆண்டுக்கணக்கில் வராந்தாவில் கிடக்கின்றன. அவசரத்துக்கு ஒருவர் அதிலிருந்து ஹீட்டரைக் கழற்றுவார், இன்னொருவர் வயரை எடுத்துத் தன் கருவிக்கு மாட்டிக்கொள்வார். அனுமதி எப்போது வந்தாலும் வரட்டும், கண்டெம்ன் செய்த அன்றே பிளக்கை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால் போதும். வீட்டு உபயோக ஃபிரிட்ஜில் ஈதர், அசிட்டோன் வைப்பதையும் தடை செய்யுங்கள், அதன் தெர்மோஸ்டாட்டில் எழும் சின்னப் பொறியே ஆவியைப் பற்றவைக்கப் போதும்.

மூன்றாவது கோரிக்கை, சின்ன ஷாக்கைப் பதிவு செய்ய ஒரு வழி. விபத்துக்குப் பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாட்டர் பாத் பல வாரங்களாகவே தொட்டால் சுர்ரென்று இருந்திருக்கிறது. 'அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கொண்டு தொடு' என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் குற்றவுணர்வு எனக்கு இருக்கிறது. 2016 மார்ச் மாதம் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தொட்டி வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு கையை இழந்தார். அந்தத் தொட்டி எர்த் செய்யப்படவில்லை என்பதும், அதைத் தொட்டபோது முன்பே அவருக்குச் சிறு ஷாக் அடித்திருந்தது என்பதும் பிறகு விசாரணையில் தெரியவந்தன. சுர்ரென்று உணர்ந்தவர் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம், தெரிவித்த அன்றே கருவி நிறுத்தப்படும், அதற்காக எந்த மாணவரும் திட்டு வாங்க மாட்டார் என்று உயர்கல்வித் துறையின் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தால் மாணவர்கள் வாய் திறப்பார்கள்.

ஷாக் அடித்தவரை எப்படி விடுவிப்பது, நெஞ்சை அழுத்தி எப்படி உயிர் மீட்பது என்று முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கவும் வேண்டுகிறேன். இதயம் தாளம் தப்பியவருக்கு உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்து மேசை மாணவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இவை அனைத்துக்கும் ஒரே நாளில் நிதி ஒதுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் மூன்று கட்டங்கள் சேர்ப்பதற்கும், பொறுப்பாளர் யார் என்று எழுதுவதற்கும் ஓர் ஆணை போதும். அதை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எர்த் வயர் நறுக்கப்பட்ட அந்த பிளக்கை நான் எறியவில்லை, காகிதத்தில் சுற்றி என் மேசை அறையில் வைத்திருக்கிறேன். தாங்கள் நேரம் ஒதுக்கினால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்

இணைப்பு: கழற்றிய பிளக்கின் புகைப்படம், மின் பிரிவின் சோதனைச் சீட்டு நகல், இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.