ட்ரே ஏன் சின்னதாகிவிட்டது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக எங்கள் இந்திய-நேபாள உணவகத்தின் பஃபே வரிசையில் ஃபுல் ட்ரேக்கள் இல்லை, எல்லாம் ஹாஃப் ட்ரேதான். மோமோவும் (பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் நேபாளக் கொழுக்கட்டை) நான் ரொட்டியும் வரிசையை விட்டே போய்விட்டன. அவை இப்போது உங்கள் மேசைக்கு வருகின்றன. "என்னங்க, அளவைக் குறைச்சிட்டீங்களா?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கதவில் ஒட்டியிருக்கும் ஆங்கில அறிவிப்பில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை. டெக்சாஸின் இர்விங்கிலிருந்தும் காப்பெலிலிருந்தும் வாரக் கடைசியில் குடும்பத்தோடு வரும் நம் மக்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலை மாறவில்லை. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்பதும் மாறவில்லை. ஒரு தடவையில் எவ்வளவு சமைத்து வெளியே வைக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

பஃபேயில் வைக்கும் எல்லாப் பண்டமும் ஒரே மாதிரி காத்திருக்காது. ராஜ்மா, சன்னா, தால் மக்கனி எல்லாம் பொறுமைசாலிகள். சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலும் மசாலா இன்னும் ஊறி ருசி கூடத்தான் செய்யும். பக்கோடா அப்படி இல்லை, எடுத்து வைத்த சற்று நேரத்திலேயே நமுத்துவிடும். பாஸ்மதி சோறு பெரிய ட்ரேயில் கிடந்தால் அடியில் குழைந்து, மேலே விறைத்துப் போகும். நான் ரொட்டி தந்தூரிலிருந்து வந்த ஐந்து நிமிடம் அருமையாக இருக்கும், அதற்குப் பிறகு பல்லால் இழுத்துத்தான் தின்ன வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. சூடாக வைக்கும் உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்ததாக வைப்பது 41 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால்தான் ரைத்தா கிண்ணம் பனிக்கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் ஆள் அவ்வப்போது வந்து ட்ரேயில் கம்பி போன்ற தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறார். ஆனால் இந்த விதி பாதுகாப்புக்கு மட்டும்தான் உத்தரவாதம் தரும், ருசிக்குத் தராது. 57 டிகிரியில் ஒரு சோற்று ட்ரேயை மதியம் முழுக்க வைத்திருந்தாலும் சட்டப்படி தவறில்லை. அதைச் சாப்பிடுகிறவருக்குத்தான் கஷ்டம்.

சின்ன ட்ரே என்றால் சீக்கிரம் தீரும், சீக்கிரம் புதிது வரும். பழையதின் மேல் புதியதைக் கொட்டுவதில்லை, ட்ரேயையே மாற்றுகிறோம். ஆகவே காலியான ட்ரேயைப் பார்த்தால் தயவுசெய்து முகம் சுளிக்க வேண்டாம். உள்ளே அடுப்பில் அடுத்தது தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மோமோ விஷயத்துக்கு வருகிறேன். அதிகம் பேர் கேட்டது அதைப் பற்றித்தான்.

மோமோவின் மேல்மாவு வெறும் மைதாவும் தண்ணீரும். புளிக்க வைப்பதோ உப்ப வைப்பதோ கிடையாது. ஓரம் மெலிதாகவும் நடு கொஞ்சம் தடிமனாகவும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடு தடித்திருந்தால்தான் பூரணத்தின் சாறு அடியைப் பிய்த்துக்கொண்டு ஒழுகாது. இடது உள்ளங்கையில் வட்டத்தை வைத்து, பூரணத்தை வைத்து, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாகப் பிடித்துக்கொண்டே போகும். எங்கள் சமையலறையில் காலையில் நின்று பாருங்கள், மடிப்பவர் தன் கையைப் பார்ப்பதே இல்லை, பேசிக்கொண்டே மடித்துத் தள்ளுவார். அப்புறம் இட்லிப் பானை போல அடுக்கடுக்காக, அடியில் ஓட்டைகள் உள்ள பாத்திரத்தில் வைத்து ஆவியில் வேகவைப்போம். கடிக்கும்போது உள்ளே சூடான சாறு வர வேண்டும். அதுதான் மோமோ.

இதைக் கொண்டுபோய் பஃபே ட்ரேயில் வைத்தால் என்ன ஆகும்? மூடி போட்டால் நீராவி சொட்டி மேல்மாவு கூழாகும். மூடியைத் திறந்தால் காய்ந்து வெடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழிந்து சாறெல்லாம் ட்ரேயில் போய்விடும். காத்மாண்டுவில் மோமோக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், சொன்ன பிறகுதான் அடுக்கிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பார்கள். நேபாளத்தின் சித்வானைச் சேர்ந்த என் கூட்டாளிக்கு மோமோ ட்ரேயில் கிடப்பதைப் பார்க்கவே மனசு வராது. எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் இனி நீங்கள் உட்கார்ந்ததும் தண்ணீர் கொண்டுவருகிறவரிடம் சைவமா கோழியா என்று மட்டும் சொல்லுங்கள். வேகவைத்துச் சூட்டோடு கொண்டுவருவோம். தீர்ந்தால் மறுபடியும் கேளுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்.

சைவர்கள் கவலைப்படுவது எங்களுக்குப் புரிகிறது. சைவ மோமோ அரைநிலா வடிவம், கோழி மோமோ உருண்டை. வேகும் அடுக்கும் வேறு, இடுக்கியும் வேறு. காத்மாண்டுவில் எருமைக்கறி மோமோதான் பிரபலம். இங்கே அது கிடையாது.

மோமோவோடு கூட வரும் தக்காளி அச்சாரில் (தொக்கு, ஊறுகாய் மாதிரியான தொடுகறி) வறுத்து அரைத்த எள் இருக்கிறது. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வரிசையில் உள்ள உருளைக்கிழங்கு அச்சாரிலும் எள் உண்டு. இதே அச்சாரில் நாக்கு லேசாக விறுவிறுத்து மரத்துப்போவது போல இருந்தால் பயப்பட வேண்டாம், அது திமூர். இமயமலைப் பக்கம் விளைவது, சிச்சுவான் மிளகுக்கு நெருங்கிய சொந்தம்.

நேபாளிகள் சிலர் "அச்சார் தாளிப்பில் கடுகெண்ணெய் வாசம் இல்லையே" என்று கேட்கிறார்கள். வங்காள நண்பர்களும் கேட்பதுண்டு. கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் அதிகம் என்பதால் அதைச் சமையல் எண்ணெயாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிப்பதில்லை. மளிகைக் கடைப் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று போட்டிருப்பது அதனால்தான். நாங்கள் வேறு எண்ணெயில் வெந்தயத்தைக் கறுக்க வறுத்துத் தாளித்து, கடுகை அரைத்துச் சேர்க்கிறோம். கடுகு வயல்களுக்குப் பேர்போன சித்வானில் வளர்ந்த என் கூட்டாளி ருசி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அதை வரிசையில் வைத்தோம்.

வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பானை இருக்கிறதே, பெரும்பாலானோர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அது குந்த்ருக். கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரை மாதிரியான இலைகளை வாட்டி, நசுக்கி, காற்றுப் புகாமல் ஜாடியில் இறுக்கி அடைத்துப் புளிக்க வைப்பார்கள். பிறகு வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். பச்சைக் காய்கறி கிடைக்காத மாதங்களில் மலைக் கிராமங்களுக்கு அதுதான் துணை. நாங்கள் அதை சோயா பீன்ஸும் தக்காளியும் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். நிறம் கறுப்பு, வாசம் கொஞ்சம் கடுமை, ருசி நல்ல புளிப்பு. ரசம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒரு கரண்டி வாங்கிச் சூடான சோற்றில் ஊற்றிப் பாருங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். முதல் தட்டில் நேபாளப் பக்கத்தை மட்டும் எடுங்கள்: நடுவில் சோறு, மேலே தால், ஓரத்தில் தர்க்காரி (காய்கறிக் கறி), கீரை, துளி அச்சார். நேபாளத்தில் அன்றாடச் சாப்பாடே இதுதான். அந்தத் தால் தோலோடு வேகவைத்த கறுப்பு உளுந்து. நெய்யில் ஜிம்பு போட்டுத் தாளித்திருப்போம். ஜிம்பு நேபாளத்தின் முஸ்தாங் பக்கத்து மலைகளில் கிடைக்கும், பூண்டு வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு காய்ந்த இலை. பக்கத்து ட்ரேயில் உள்ள தால் மக்கனியும் அதே கறுப்பு உளுந்துதான். ஆனால் அதில் வெண்ணெயும் கிரீமும் சேரும்போது ஆளே மாறிவிடுகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிட்டால்தான் இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். பட்டர் சிக்கனைச் சோற்றில் ஊற்றிவிட்டு அதே தட்டில் குந்த்ருக்கையும் விட்டால் பாவம், குந்த்ருக் காணாமல் போய்விடும்.

இரண்டாவது சுற்றுக்குப் புதுத் தட்டு எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சாப்பிட்ட தட்டோடு வரிசைக்குப் போகக் கூடாது என்பது விதி. பொதுக் கரண்டி எச்சில் தட்டில் பட்டால் அது எல்லோருடைய சாப்பாட்டிலும் போய்ச் சேரும். எச்சில் பத்து பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தட்டு கழுவ நாங்கள் அலுத்துக்கொள்ள மாட்டோம், தாராளமாக எடுங்கள்.

பஃபே சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள். இல்லை என்று சொல்ல எங்களுக்கும் சங்கடம்தான். ஆனால் விலையைக் கணக்குப் போட்டிருப்பது இங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்காக. போதாததற்கு, திறந்த வரிசையில் இருந்த உணவு காரில் சூடு குறைந்து வீடு போய்ச் சேருவதற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. வீட்டுக்கு வேண்டுமென்றால் மெனுவிலிருந்து சொல்லுங்கள், புதிதாகச் செய்து கட்டித் தருகிறோம். தட்டில் மிச்சம் வைத்தால் சில இடங்களில் தனிக் கட்டணம் போடுவார்கள். நாங்கள் போடவில்லை, போடவும் மாட்டோம். முதலில் கொஞ்சமாக எடுத்து, பிடித்தால் மறுபடி போங்கள் என்று குழந்தைகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரியவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் உட்கார வைத்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லி, வேண்டியதைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவோம். காரம் குறைவாக, வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டும் என்றால் வருவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள். ட்ரேயில் இருப்பதை மாற்ற முடியாது, ஆனால் தனியாக ஒரு தாலும் ஒரு பொரியலும் செய்ய முடியும்.

ஆவணி அவிட்டத்தை ஒட்டிய வாரத்தில் க்வாதி செய்வோம். அதே பௌர்ணமியில் நேபாளத்தில் ஜனை பூர்ணிமா. அங்கேயும் பூணூல் மாற்றும் நாள்தான். அன்று ஒன்பது வகைப் பயறுகளை முளைகட்டிக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவார்கள். முளைகட்ட சில நாள் பிடிக்கும் என்பதால் பெரிய அளவில் செய்ய முடியாது. வேண்டுமென்கிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். அதில் பூண்டு சேரும். பூண்டில்லாமல் வேண்டுமானால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை கூட்டம் அதிகம், மோமோவுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். பதினொன்றரைக்கே வந்துவிட்டால் முதல் அடுக்கு உங்களுக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் உணவகத்தார்