பொம்மை வீடுகளும் எங்கள் வீடுகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், அங்கத்தவர்களுக்கும், அம்மாமாரோடு வந்து பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கடந்த சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரை பொம்மை வீடுகளையும் அவற்றுக்கான சின்னப் பொருள்களையும் செய்து திருத்தும் எமது சங்கத்தின் வேலைகளை இந்த அறிக்கையில் தருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை.

மாதக் கூட்டங்கள் வழமைபோலப் பௌர்ணமிப் போயா விடுமுறைகளில், பிற்பகலில், அங்கத்தவர்களின் வீட்டு விறாந்தைகளில் முறை வைத்து நடந்தன. வீட்டுக்காரர் தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் போதும் என்று முன்னரே முடிவெடுத்திருந்தோம். அதை ஒருவரும் கடைப்பிடிக்கவில்லை. வடையும் ரோல்ஸும் தந்த எல்லா வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி.

இந்த ஆண்டின் முடிவுகளில் முதலாவதாக நான் வைப்பது தட்டத்து முடிவு. எங்களில் ஒருவருக்கும் இந்த வேலைக்கென்று தனி அறை இல்லை. சாப்பாட்டு மேசையில் பசையும் கத்தரிக்கோலும் பரப்பினால், பிள்ளைகள் ரியூசனால் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இடையில் கறி அடிப்பிடிக்கும், மாமியார் கூப்பிடுவார், தண்ணி மோட்டர் போடவேண்டும். இதனால் தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டவர்கள் எங்களுக்குள் பலர். ஆகவே ஒரு தட்டத்தில் அடங்கும் வேலையை மட்டும் ஒரு தடவையில் எடுப்பது என்று தீர்மானித்தோம். ஒரு கதிரை, ஒரு யன்னல், ஒரு சோடி திரைச்சீலை. கூப்பிட்டால் தட்டத்தோடு தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போகலாம், மறுநாள் அப்படியே இறக்கலாம். இந்த முடிவுக்குப் பிறகுதான் கூட்டங்களுக்கு முடிந்த பொருள்கள் வரத் தொடங்கின. நேரம் கிடைக்கட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தட்டத்தை இன்றைக்கே எடுங்கள்.

மழைக்காலத்துக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஒட்டிய கடதாசி காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் ஒட்டும் வேலையை நிறுத்தி, ஓலைப் பின்னலையும் தையலையும் எடுத்தோம். ஈரக்காற்றில் ஓலை வளைந்து கொடுக்கும், பங்குனி வெயிலில் முறியும். பெட்டி இழைத்துச் சீவித்தவர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள், நாங்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இனி, திருத்த வேலை. அங்கத்தவர் ஒருவரின் பெரியம்மா சிறுமியாக விளையாடிய மரப் பொம்மை வீடு ஒன்று எங்களிடம் வந்தது. இங்கிலாந்தின் லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் ‘ட்றை-ஆங்’ என்ற பெயரில் விற்ற வீடுகளில் ஒன்று. 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அது பரணிலேயே விடுபட்டது. குடும்பம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இருக்கவில்லை, பரண் இருந்தது, அந்த வீடும் இருந்தது. தகர யன்னல்கள் துருப்பிடித்திருந்தன, அடித்தட்டு உளுத்திருந்தது, முன்கதவைக் காணவில்லை.

எல்லாவற்றையும் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிப்போம் என்றுதான் பலர் சொன்னார்கள். நான் மறுத்தேன், தலைவரும் என் பக்கம் நின்றார். முதலில் படம் எடுத்தோம். விழுந்த ஒவ்வொரு துண்டையும், எங்கே விழுந்தது என்று எழுதிய கடித உறையில் போட்டோம். துருவைத் தையல் மெசின் எண்ணெய் தொட்டு மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தோம், பெயின்ற் மிஞ்சிய இடத்தைத் தொடவில்லை. சுவர்க் கடதாசியை ஈரத்துணியால் மெல்ல ஊறவைத்தபோது அதற்குக் கீழே இன்னொரு கடதாசி தெரிந்தது, சின்னப் பூப்போட்டது. ஒரு சுவரில் அதை அப்படியே வைத்திருக்கிறோம். பெரியம்மாவின் பென்சில் கிறுக்கலும் அதிலேயே இருக்கிறது. இந்த வீட்டைப் புதிதாக்கிக் காட்டியிருந்தால் அவருக்கு அது வேறு யாரோ ஒருவரின் வீடாகிப் போயிருக்கும். வந்து பார்த்தவுடன் அவர் கை முதலில் அந்தக் கிறுக்கலுக்குத்தான் போனது.

இந்த வேலையில் படித்த சில விடயங்களை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் கலந்திருக்கும். காய்ந்த நிலையில் மண்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறந்து மூச்சோடு உள்ளே போகும், சிறுபிள்ளைகளுக்கு அது மிகக் கெடுதல். ஈரப்படுத்தித் துடையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடவேண்டாம். கடதாசி ஒட்டக் கோதுமை மாப் பசையே நல்லது, பின்னாளில் தண்ணீர் தொட்டால் கழன்று வரும். கடை வெள்ளைப் பசை அப்படிக் கழராது. பூச்சி வராமல் பசையில் துருசு (மயில்துத்தம்) கலப்பது புத்தகம் கட்டுவோரின் பழைய வழக்கம். ஆனால் துருசு நஞ்சு. குழந்தைகள் விரல் வைக்கும் பொருளில் அது வேண்டாம் என்று நிர்வாகசபை தீர்மானித்தது.

மரத்தைத் துளைக்கும் உளுவுக்கு மருந்து குளிர். அடித்தட்டைப் பொலித்தீனில் சுற்றி, காற்றை வெளியே அழுத்தி, வாயை இறுக்கி ஒட்டி, வீட்டுப் பிறீசரில் -18 பாகையில் இரண்டு கிழமை வைத்தால் உள்ளே இருக்கும் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பின்பும் ஒரு நாள் பிரிக்காமல் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் ஈரம் படியும். ஆனால் மீனும் இறைச்சியும் இருக்கும் பிறீசரில் இடத்துக்கு எங்கே போவது? நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் சமைக்காத வீடுகளில் பிறீசர் காலியாகத்தானே கிடக்கும் என்று எங்களுடைய மூத்த அங்கத்தவர் ஒருவர் சொன்னார். அந்த யோசனையால் கொடியேற்றத்தன்று உள்ளே போன பலகை தேருக்கு முன்னமே வெளியே வந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஆண்டும் அதுவே எங்கள் உளு எடுக்கும் காலம்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. 1:12 என்றால் ஒரு அடிக்கு ஒரு அங்குலம். ட்றை-ஆங் வீடுகளில் பல இந்த அளவைவிடச் சிறியவை. சுவீடனின் லுண்ட்பி வீடுகள் 1:18. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 1:12 கதிரையை அவற்றுக்குள் வைத்தால் அது கட்டிலைப் போல நிற்கும். ஆகவே உறவுகளிடம் கேட்கும்போது அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1:12 என்றால் ஒரு அடிக்கு ஒரு அங்குலம்.

விளக்குப் பொருத்தும் வேலையில் ஒரு தடை போட்டிருக்கிறோம். பொத்தான் பற்றரி எங்கள் வீடுகள் எதிலும் இனி இல்லை. 20 மில்லிமீற்றர் அகலமான அந்த லிதியம் பற்றரியைக் குழந்தை விழுங்கி அது தொண்டையில் தங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும். எங்கள் வேலை குழந்தைகள் தவழும் வீடுகளில் நடக்கிறது. ஆகவே பேனா அளவிலான 1.5 வோல்ற் பற்றரி இரண்டை, ஆணி முடுக்கிய கூட்டுக்குள் போட்டு 3 வோல்ற் எடுக்கிறோம். சின்ன எல்.ஈ.டி. விளக்குக்கு அது தாராளம். இந்த விடயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கூட்டம் ஒன்றில் பழைய பொம்மை வீடுகள் பற்றி ஒரு உரை நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெற்றோனெல்லா ஊர்ற்மன் என்ற பெண்மணி 1686 அளவிலிருந்து 1710 வரை சேர்த்து அமைத்த வீடு இன்று றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குச் செலவான பணத்தில் அந்த நகரத்துக் கால்வாய்க் கரையில் உண்மையான வீடே வாங்கியிருக்கலாமாம். அந்த வீடு உருவான காலத்தில் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. இங்கிலாந்தின் மேரி அரசிக்காக லட்யன்ஸ் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1924இல் முடித்த வீடு இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. 1:12 அளவுதான், குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கியும் உண்டு.

அந்த உரைக்குப் பிறகு எழுந்த கேள்வியே ஆண்டின் பெரிய வேலையாக மாறியது. அவர்களுடைய வீடுகளை வைத்து அந்தக் காலத்தில் எங்கே சமைத்தார்கள், எங்கே துணி காயப்போட்டார்கள் என்று பார்க்க முடிகிறது. நடுவில் முற்றம் வைத்த எங்கள் நாற்சார் வீடுகளில் எத்தனையோ போரில் இடிந்துபோயின, மிஞ்சியவற்றிலும் பலதை உடைத்து மாடி எழுப்பிவிட்டார்கள். அந்த வீடுகளுக்குள் என்ன எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் அம்மம்மாமார்தான். அவர்கள் இருக்கும்போதே ஒரு வீட்டைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

முதல் பிரச்சினை அளவு. நாற்பது அடிச் சதுர வீடு 1:12இல் நாற்பது அங்குலம் வரும். மூன்றடிக் கதவால் வெளியே எடுக்கவே முடியாது. ஆகவே 1:24. இருபது அங்குலம், ஒரு பலகையில் அடங்கும். கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. ஓடுகளைக் களிமண்ணைப் பென்சிலின் மேல் வளைத்துச் செய்தோம். அந்த அளவில் பென்சிலின் பருமன் ஓட்டுக்குச் சரியாக வருகிறது. களிமண் காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டவேண்டும். கூரை போட்ட வாசலான சங்கடப்படலையும் கிடுகு வேலியும் முடிந்துவிட்டன. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலா நிற்கிறது, உண்மையிலேயே ஏறி இறங்கும். தலைவாசலில் சாய்மனைக் கதிரை, அறைக்குள் பெட்டகம், குசினியில் உறி, தேங்காய் துருவும் திருவலை, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. கடகமும் சுளகும் பனையின் சார்வோலையில்தான் இழைத்தோம். நிஜக் கடகத்தின் அரை அங்குல ஓலை இந்த அளவில் அரை மில்லிமீற்றர். ஊசிகளை வரிசையாகக் குத்திய கட்டையில் ஓலையை இழுத்துக் கிழிக்கவேண்டும். துணிதான் கடைசிவரை பாடுபடுத்தியது. புதுத்துணி சின்ன அளவில் விறைத்து நிற்கும், மடிப்பு விழாது. பலகாலம் துவைத்து மெலிந்த வேட்டியைக் கஞ்சி தொட்டு, மடிப்பை ஊசியால் குத்திக் காயவிட்டபோதுதான் கொடியில் தொங்கும் சேலை சேலையாகத் தெரிந்தது.

பெரியவர்கள் வந்து பார்த்துத் திருத்தினார்கள். அம்மி இந்தப் பக்கம் வராது, புகை எங்கே போகும், சுவாமி அறையை ஏன் தெற்கே வைத்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு அம்மம்மாமார் ஊறுகாய்ச் சாடி இருக்கும் இடம் பற்றி ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினார்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.

பிறகு, போர்க்காலத்தில் பதுங்கிய பங்கர் பற்றிய பேச்சு வந்தது. இளைய அங்கத்தவர் ஒருவர் வளவின் பின்பக்கம், மாமரத்தடியில், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர் ஒன்று செய்து கொண்டுவந்தார். வடிவான வீட்டுக்குள் இது எதற்கு, மறக்க விடுங்கள் என்று சிலர் கண்கலங்கினார்கள். மற்றவர்கள், தாங்கள் படித்ததும் சாப்பிட்டதும் அதற்குள்தானே என்றார்கள். இரண்டு கூட்டங்களில் பேசினோம். வைப்பது என்று முடிவானது. என் கருத்தும் அதுவே. பங்கர் இல்லாமல் அந்த வளவைக் காட்டினால் அங்கே வாழ்ந்தவர்களின் சில ஆண்டுகளை நாங்களே வெட்டி எறிந்ததாகிவிடும். எதிர்த்துப் பேசிய அங்கத்தவர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்குத் தானே ஒரு ஜாம் போத்தல் விளக்குச் செய்து கொண்டுவந்தார். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. அது பங்கருக்குள் வாசலோரம் இருக்கிறது.

நவராத்திரியில் வாசிகசாலை ஒன்றில் கொலுவின் கீழ்ப்படியில் இந்த வீட்டை வைத்தோம். பிள்ளைகள் பார்க்க முக்காலி போட்டிருந்தோம், பெரியவர்களும் அதில் ஏறிப் பார்த்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. தன் வீட்டின் வரைபடத்தைத் தந்தால் செய்யக் கற்றுத் தருகிறோம் என்றோம். இப்போது வீடியோ அழைப்பில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்.

பாடசாலை ஒன்றில் நடத்திய பயிற்சி மட்டும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஒரு பாடவேளைக்குள் பசை காயவில்லை. அடுத்த முறை தீப்பெட்டியில் மேசை செய்வதோடு நிறுத்துவோம்.

ஓலை இழைக்கக் கற்றுத்தந்த எங்கள் மூத்த அங்கத்தவர் தை மாதம் காலமானார். அவருடைய ஊசிக்கட்டையைக் குடும்பத்தார் சங்கத்துக்கே தந்துவிட்டார்கள். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்கிறேன்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை முன்வைப்பவை: நாற்சார் வீட்டின் மாட்டுக்கொட்டிலையும் வைக்கோற் போரையும் முடிப்பது, அம்மம்மாமார் சொன்னவற்றை அச்சுப் பிரதியாக்கி அங்கத்தவர் எல்லாருக்கும் கொடுப்பது, கடற்கரை ஊர்களில் வாழ்ந்தவர்களையும் சேர்த்து, வலையும் மீனவர் குடிலான வாடியும் உள்ள இன்னொரு வீட்டைத் தொடங்குவது. மூன்றாவதற்குக் குருநகர், பருத்தித்துறைப் பக்கத்து அங்கத்தவர்கள் தேவை. தெரிந்தவர்களை அடுத்த போயாவுக்குக் கூட்டிவாருங்கள். புதிய நிர்வாகத் தெரிவு இந்த அறிக்கைக்குப் பின் நடைபெறும். செயலாளர் பதவிக்கு இளையவர் ஒருவர் வரவேண்டும் என்பது என் விருப்பம், பதிவேடுகளை எழுதும் வேலையில் நான் கூட இருந்து உதவுவேன்.

இவ்வறிக்கையைக் கூட்டத்தின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
யாழ்ப்பாணம்